பிரிந்த திகதி

மவுண்ட் ரோஸ்கில்,
ஓக்லண்ட்.
14.07.1986

அன்புள்ள பேர்ணடெட்டுக்கு,

நீரும் மலரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு ஒப்பரேசன் செய்த இடம் இந்தக் குளிருக்கு இடைக்கிடை இழுக்கிறது. மற்றப்படி ஆண்டவர் குறை வைக்கவில்லை.

எழுதுகிற காரணம் இதுதான். வெள்ளிக்கிழமை வரிக் கந்தோரிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. மார்ச்சோடு முடிந்த வருஷத்துக்கான படிவத்தை நான் ஏப்ரலிலேயே நிரப்பி அனுப்பிவிட்டேன். கல்யாணமானவன், மனைவியும் ஒரு பிள்ளையும் என்னோடு இருக்கிறார்கள், என் உழைப்பில் வாழ்கிறார்கள் என்று, இந்த நாட்டுக்கு வந்த ஒன்பது வருஷமாக எழுதுகிற மாதிரியே எழுதினேன். இப்போது பார்த்தால் நீர் ஜூன் மாதம் எனக்கு ஒரு சொல்லும் சொல்லாமல் உமது பெயரில் தனியாக ஒரு படிவம் அனுப்பியிருக்கிறீர். அதில் 'பிரிந்து வாழ்பவர்' என்ற பெட்டியில் புள்ளடி போட்டிருக்கிறீராம். மலரையும் உம்மோடு இருக்கிற பிள்ளையாகக் காட்டியிருக்கிறீராம். ஒரே குடும்பத்தைப் பற்றி இரண்டு விதமாக எழுதியிருக்கிறீர்கள், யாருடையது பிழையோ அவர் எழுத்தில் திருத்த வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள்.

நான் ஒரு கப்பல் கொம்பனியின் கணக்குப் பகுதியில் இருக்கிறவன். எத்தனையோ பேருடைய வரிப் படிவங்களை நிரப்பிக் கொடுத்தவன். என் படிவத்திலேயே பொய் என்று வந்தால் கந்தோரில் என் முகத்தை எங்கே வைப்பேன் என்று ஒரு கணம் யோசித்தீரா? நீர் மனுரேவாவில் இருப்பது வேலைக்குக் கிட்ட என்பதற்காக. அப்படித்தான் நான் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். செபக்கூட்டத்தில் கேட்கிறவர்களுக்கும் 'அவவுக்கு ஷிஃப்ட்' என்று சொல்லியே பத்து மாதம் போய்விட்டது. ஒக்டோபரில் செபமாலை நம்முடைய வீட்டில். அதற்குள் இது முடிய வேண்டும்.

முதலில் அனுப்பியவன் நான். ஆகவே பின்னால் அனுப்பியவர்தான் மாற்ற வேண்டும். உமக்கு அலுப்பு வேண்டாம் என்று நானே கடிதத்தை ரைப் அடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். பென்சிலால் அடையாளம் போட்ட இடத்தில் கையெழுத்து வைத்து அனுப்பினால் போதும். வாசித்து மினக்கெடத் தேவையில்லை.

மலரைச் சனிக்கிழமை அனுப்பும்.

உமது கணவன்,
யேசுராசா


மனுரேவா,
18.07.1986

மலரின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் ரைப் அடித்த தாளைக் கையெழுத்து இல்லாமல் திருப்பி அனுப்புகிறேன்.

நான் மினக்கெட்டு வாசித்தேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு தரம் வாசித்தேன். எனக்கு இங்கிலீஸ் போதாது என்பதால் கேள்வி விளங்காமல் பிழையான பெட்டியில் புள்ளடி போட்டுவிட்டேனாம். என் கணவரே குடும்பத் தலைவராம். நான் வேலை வசதிக்காக மட்டும் தற்காலிகமாக வேறிடத்தில் தங்குகிறேனாம். பதினேழு வருஷம் உங்களோடு இருந்ததில் இங்கிலீஸ் எனக்குப் போதாது என்று நீங்கள் சொல்லக் கேட்காத கிழமை இல்லை. ஆனால் அந்தக் கேள்வி எனக்கு நன்றாக விளங்கியது. அதைப்போல விளங்கின கேள்வி வேறொன்று என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை.

வேலைத்தலத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இருந்து நிரப்பினேன். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் தோய்த்து அழுத்துகிற இடத்தில் வேலை செய்கிறேன் என்பதை நீங்கள் ஒருவருக்கும் சொல்வதில்லை என்று மலர் சொன்னாள். 'ஹெல்த் பக்கம் வேலை' என்கிறீர்களாம். சொல்லுங்கள், எனக்கு அதில் வெட்கம் இல்லை. எங்கள் மேற்பார்வைக்காரி ஒரு சமோவாப் பெண். அவள் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு பெட்டியாக விரல் வைத்துக் காட்டினாள். கல்யாணமாகாதவர், கல்யாணமானவர், பிரிந்தவர், விதவை. நான் மூன்றாவதில் போட்டேன். எந்தத் திகதியிலிருந்து என்று கேட்டிருந்தது. 22 செப்ரெம்பர் 1985 என்று எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போய்வந்து, உங்களுக்குச் சாப்பாடு போட்டு, பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, மலரையும் கூட்டிக்கொண்டு இரண்டு சூட்கேசோடு வெளிக்கிட்டேன். நீங்கள் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தீர்கள். நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினீர்கள்.

முதலில் அனுப்பினீர்கள் என்பதற்காக உங்களுடையது உண்மையாகிவிடாது. உங்கள் படிவத்தை நீங்கள் மாற்றுங்கள்.

மலர் சனிக்கிழமை வருவாள். அவளுடைய கம்பளிச் சட்டை கைநீளம் காணாது. உங்களிடம் வரும்போது ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

பேர்ணடெட்


மவுண்ட் ரோஸ்கில்,
27.07.1986

பேர்ணடெட்டுக்கு,

உமது கடிதத்தின் தொனி எனக்குப் பிடிக்கவில்லை. இப்படி எழுத உமக்கு அங்கே ஆர் படிப்பித்தது என்றும் தெரியவில்லை.

திகதி திகதி என்கிறீரே, நானும் ஒரு திகதி சொல்கிறேன். இந்த வருஷம் பெப்ரவரி பதினோராம் திகதி எனக்கு ஒப்பரேசன். பதின்மூன்றாம் திகதி நான் வீட்டுக்கு வந்தபோது வீட்டுக் கதவைத் திறந்தது ஆர்? நீர். இருபத்து மூன்றாம் திகதி வரை பத்து நாள் இந்தக் குசினியில் சமைத்தது ஆர்? என் சாரத்தைத் தோய்த்துக் காயப்போட்டது ஆர்? பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் வேலிக்கு மேலால் உம்மோடு கதைத்தார், அவர் சாட்சி. பிரிந்துபோன பெண்சாதி இதெல்லாம் செய்வாளா? அந்தப் பத்து நாளும் மார்ச்சுக்கு முன்னால் வருகிற நாட்கள். ஆகவே வருஷம் முழுக்க நாம் பிரிந்திருந்தோம் என்பது சட்டப்படி நிற்காது. இதை நான் வரிக் கந்தோருக்கு எழுதி அறிவித்துவிட்டேன்.

செபக்கூட்டத்துக் குணரத்தினம் அண்ணையிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கிளென்ஃபீல்டிலிருந்து உம்மை வந்து பார்ப்பார். பெரியவர் சொல்வதையாவது கேளும். இல்லையென்றால் மன்னாருக்கு உமது அம்மாவுக்கு நான் எழுத வேண்டி வரும். தகப்பன் இல்லாமல் வளர்த்த மகள் புருஷனை விட்டுவிட்டு வந்து ஊரார் படுத்த விரிப்புத் தோய்க்கிறாள் என்பதை அவ என் எழுத்தில் வாசிக்கட்டும்.

உம்மைக் கெஞ்சுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நான் உம்மை வீட்டை விட்டு அனுப்பவில்லை. நீராகப் போனீர். போனதற்கு ஒரு காரணம்கூடச் சொல்லவில்லை. வாயைத் திறந்து சொல்லாத ஒன்றை அரசாங்கப் படிவத்தில் எழுதியிருக்கிறீர்.

யேசுராசா


மனுரேவா,
05.08.1986

மலரின் அப்பாவுக்கு,

குணரத்தினம் அண்ணை வந்தார். அவருடைய மனைவி வசந்தமலர் அக்காவும் கேக் ஒன்றோடு வந்தா. ஒரு மணித்தியாலம் இருந்தார்கள். அண்ணை பொறுமையைப் பற்றிக் கதைத்தார். பிள்ளையின் எதிர்காலத்தைப் பற்றிக் கதைத்தார். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, 'நான் ஏன் வெளிக்கிட்டேன் என்று அவர் உங்களுக்குச் சொன்னாரா' என்று அண்ணையிடம் கேட்டேன். இல்லை என்றார். நான் சொன்னேன். அதற்குப் பிறகு அண்ணை தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு எழும்பினார். போகும்போது வசந்தமலர் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு படிவரைக்கும் வந்தா.

அம்மாவுக்கு எழுதப் போகிறீர்களா? எழுதுங்கள். நான் பிரிந்து வந்ததைப் போன வருஷமே எழுதிவிட்டேன், காரணத்தை மட்டும் எழுதவில்லை.

வரிக் கந்தோருக்கும் போய்வந்தேன். அரை நாள் லீவு எடுத்து ரெயினில் போனேன். நரைத்த தலையோடு ஒரு பெண்மணி இருந்தா. நம் இரண்டு பேருடைய படிவங்களையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்தா. உங்கள் எழுத்து வடிவாக இருந்தது. என்னுடையதில் இரண்டு இடத்தில் வெட்டு. பெப்ரவரியில் நீங்கள் அந்த வீட்டில் இருந்தீர்களா என்று கேட்டா. பத்து நாள் இருந்தேன் என்றேன். ஏன் போனீர்கள் என்று கேட்டா.

"அவருக்கு வயிறு வெட்டியிருந்தது. தண்ணி எடுத்துக் குடுக்க ஆள் இல்லை" என்று சொன்னேன்.

அதை அவ எழுதிக்கொண்டா. எந்த அறையில் படுத்தீர்கள் என்றும் கேட்டா. மகளின் அறையில் என்றேன். உங்களோடு இருந்த காலத்தில் இப்படி ஒரு கேள்விக்கு ஒரு அந்நியருக்கு முன்னால் நான் பதில் சொல்ல வேண்டி வரும் என்று நினைக்கவில்லை. நீங்கள் எழுதினபடியால்தான் கேட்டா. பத்து நாள் சூப் வைத்துத் தந்தவள் பெண்சாதி என்றால் உங்களுக்கு ஊசி போட்ட நேர்சையும் படிவத்தில் எழுதுங்கள்.

செப்ரெம்பர் முடியும் மட்டும் தவணை தந்திருக்கிறார்கள். நம்மில் ஒருவர் எழுதித் திருத்தலாம். இல்லையென்றால் தாங்களே விசாரித்து முடிவெடுப்பார்களாம்.

காரணம் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்லத் தேவையில்லை, உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன். சரி, எழுத்தில் தருகிறேன், வைத்துக்கொள்ளுங்கள்.

எண்பத்து மூன்று ஜூலையில் கொழும்பில் மாகிறேற் அக்கா வீட்டை எரித்தார்கள். அக்காவும் கிளறன்ஸ் அத்தானும் இரண்டு பெடியன்களும் உடுத்த உடுப்போடு பள்ளிக்கூடத்து அகதி முகாமில் இருந்தார்கள். அங்கிருந்து அக்கா எழுதினா, உங்களிடம் எப்படியாவது கூப்பிடச் சொல்லு என்று. நீங்கள் ஸ்பொன்சர் பேப்பர்களை எடுத்துவந்தீர்கள். ஓகஸ்ட் மாதம் சாப்பாட்டு மேசையில் வைத்து நிரப்பினீர்கள். நான் நீங்கள் காட்டின இடமெல்லாம் கையெழுத்து வைத்தேன். தபாலில் போட்டாயிற்று என்றீர்கள். ஒவ்வொரு மாதமும் கேட்டேன். 'உவங்கள் இழுத்தடிக்கிறாங்கள்' என்றீர்கள். அக்கா கப்பலில் காங்கேசன்துறைக்குப் போய் மன்னாருக்குப் போனா. எண்பத்து நாலு டிசம்பரில் கிளறன்ஸ் அத்தானை ஆமிச் சுற்றிவளைப்பில் கொண்டுபோனார்கள். இன்றுவரைக்கும் எங்கே என்று தெரியாது.

போன வருஷம் செப்ரெம்பர் இருபதாம் திகதி வெள்ளிக்கிழமை, மலரின் பள்ளிக்கூடத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டுமென்று உங்கள் மேசையைத் திறந்தேன். இரண்டாவது லாச்சியில் அந்தக் கடித உறை இருந்தது. முத்திரைகூட ஒட்டியிருந்தது. இரண்டு நாள் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வெளிக்கிட்டேன்.

அதுதான் திகதி. நான் மாற்றமாட்டேன்.

பேர்ணடெட்


மவுண்ட் ரோஸ்கில்,
12.08.1986

பேர்ணடெட்டுக்கு,

உமது அக்காவின் விஷயத்தையும் வரி விஷயத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம். அவை வேறு, இது வேறு. நாலு பேரைக் கூப்பிட்டு இரண்டு அறை வீட்டில் எங்கே வைத்திருப்பது? அந்த வருஷம் எங்கள் கந்தோரில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். பொறுப்பு என் தலையில். அந்தப் பாரத்தை நீர் ஒருநாளும் சுமந்ததில்லை. நான் அனுப்பியிருந்தாலும் உவர்கள் ஓம் என்றிருப்பார்கள் என்று என்ன நிச்சயம்?

குணரத்தினம் அண்ணை போனவாரம் செபக்கூட்டத்தில் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. என் வீட்டுக் கதையை ஊருக்குச் சொல்லியிருக்கிறீர். திருப்திதானே?

என் படிவம் நான் எழுதியபடியே நிற்கும். நீர் மார்ச் மாதம்வரை இந்த வீட்டு ஆள்தான் என்று காட்ட எனக்கு வழி இருக்கிறது. கந்தோர் உம்முடைய கண்ணீருக்கு முடிவெடுக்காது. தாளுக்குத்தான் முடிவெடுக்கும்.

மலரைச் சனிக்கிழமை வழமைபோல அனுப்பும். நான் ஸ்ரேஷனுக்குக் காரோடு வருவேன்.

யேசுராசா


மனுரேவா,
25.08.1986

யேசுராசாவுக்கு,

பதினேழு வருஷத்தில் உங்களைப் பெயர் சொல்லி எழுதுவது இதுதான் முதல்தரம். இனி வேறு விதமாக எழுத எனக்கு வரவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் மலர் திரும்பி வந்தாள். சாப்பிடவில்லை. கம்பளிச் சட்டை வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள், நீல நிறம், அதைப் பையிலிருந்து எடுக்கவும் இல்லை. தலையிடி என்று போய்ப் படுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நடந்து போகும்போது, பாதி வழியில், மூலைக்கடை டெயறிக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"அம்மா, ஐ சைன்ட் சம்திங் ஃபோர் அப்பா" என்றாள்.

என்ன தாள் என்று கேட்டேன். தெரியாது என்றாள். வாசித்தாயா என்று கேட்டேன். இல்லை, அப்பா அவசரம் என்றார், அடையாளம் போட்டிருந்த இடத்தில் வைத்தேன் என்றாள். பிறகு, வைத்த பிறகுதான் மேலே பார்த்தேன், என்னுடைய பெயர் இருந்தது, அம்மா மார்ச் மாதம் வரைக்கும் வீட்டில் இருந்தா என்று இருந்தது, அதற்குள் அப்பா எடுத்து உறைக்குள் வைத்துவிட்டார் என்றாள். 'நான் பொய் சொன்னதாக வருமா, பொலிஸ் வருமா' என்று என்னைக் கேட்டாள். ஞாயிறு காலை, ரோட்டில், ஆட்கள் போக வர, பதினைந்து வயசுப் பிள்ளை அழுதாள். நாங்கள் பூசைக்குப் போகவில்லை. வீட்டுக்குத் திரும்பினோம்.

இந்தப் பதினொரு மாதத்தில் நான் அவளிடம் உங்களைப் பற்றி ஒரு கெட்ட சொல் சொல்லவில்லை. லாச்சியில் இருந்த உறையைப் பற்றி அவளுக்கு இன்றுவரை தெரியாது. பெரியம்மா குடும்பத்துக்கு விசா கிடைக்கவில்லை என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு சனியும் தலை வாரி இழுத்து விட்டு, அப்பாவிடம் போய்வா என்று ரெயின் ஏற்றி அனுப்பினேன். நீங்கள் அவளை எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைத்திருக்கிறீர்கள். அதுவும் அவளுக்கே தெரியாமல்.

உங்களுக்குப் புத்தி சொல்ல நான் எழுதவில்லை. நடக்கப்போவதைச் சொல்ல எழுதுகிறேன். அந்தத் தாளை நீங்கள் வரிக் கந்தோருக்கு அனுப்பினால் நான் மலரையும் கூட்டிக்கொண்டு அங்கே போவேன். அந்தப் பெண்மணிக்கு முன்னால் அவளை இருத்தி, அம்மா எங்கே இருந்தா என்று கேட்கச் சொல்லுவேன். நீங்களும் வந்து இருக்கலாம். உங்கள் பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்லட்டும்.

அதுவரைக்கும் அவள் மவுண்ட் ரோஸ்கிலுக்கு வரமாட்டாள். ஸ்ரேஷனில் காத்து நிற்க வேண்டாம்.

பேர்ணடெட்


மவுண்ட் ரோஸ்கில்,
09.09.1986

பேர்ணடெட்டுக்கு,

இத்துடன் ஒரு கடிதத்தின் பிரதி வைத்திருக்கிறேன். நான் வரிக் கந்தோருக்கு எழுதியது. மூலத்தை நேற்று நானே கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். தபாலில் போடவில்லை. நீர் நம்பமாட்டீர் என்று தெரியும். மேலே அவர்களுடைய முத்திரையும் திகதியும் இருக்கிறது, பாரும்.

இங்கிலீஸில் இருப்பதை நீரே வாசிப்பீர் என்றாலும் தமிழில் எழுதுகிறேன். ஏப்ரலில் நான் அனுப்பிய படிவத்தில் என் நிலையைப் பிழையாக எழுதினேன். என் மனைவி 22 செப்ரெம்பர் 1985 அன்று வீட்டை விட்டுப் போனார். அன்றிலிருந்து நாங்கள் பிரிந்து வாழ்கிறோம். பெப்ரவரியில் அவர் வந்தது நோயாளியைப் பார்க்க மட்டும். பிள்ளை தாயோடு இருக்கிறாள். இது என் பிழை, அவருடையது அல்ல. இவ்வளவுதான் எழுதினேன்.

அந்தப் பெண்மணி வாசித்துவிட்டு, இதனால் உங்களுக்கு மேலதிக வரி வரும், தண்டமும் வரலாம் என்றா. ஓம் என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை. அஞ்சு நிமிஷத்தில் முடிந்தது. வெளியே வந்து காருக்குள் இருந்தேன். கந்தோருக்குத் திரும்பிப் போக மனம் வரவில்லை.

மலர் கையெழுத்து வைத்த தாளைக் கிழித்துவிட்டேன். உமது கடிதம் வருவதற்கு முன்னமே அதை அனுப்ப எனக்குக் கை வரவில்லை. நான் சொல்வதை நம்பினால் நம்பும். அன்றைக்கு அவளை மேசையில் இருத்திப் பேனையைக் கொடுத்தேன். 'வேர் டு ஐ சைன், அப்பா?' என்று கேட்டாள். வேறு ஒரு கேள்வியும் இல்லை. குனிந்து வைத்தாள். எண்பத்து மூன்றில் அதே மேசையில் நீரும் அப்படித்தான் வைத்தீர். நான் காட்டினேன், நீர் வைத்தீர். ஒவ்வொன்றாக ஏழு இடத்தில். வைத்து முடித்துவிட்டு என் கையைப் பிடித்து, உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கும் என்றீர். பிள்ளை போன பிறகு எனக்கு அது ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு அந்த மேசையில் இருந்து சாப்பிட முடியவில்லை.

வீட்டில் இடமில்லை, வேலை நிச்சயமில்லை என்று போன கடிதத்தில் எழுதினேன். அது பொய். இடம் இருந்தது. என் வேலைக்கும் ஒன்றும் ஆகவில்லை. முத்திரை ஒட்டிக்கொண்டு தபால்பெட்டி வரைக்கும் நடந்து போனேன். கிளறன்ஸ் படித்த மனுஷன். இஞ்சினியர். இங்கே வந்தால் ஒரு வருஷத்தில் என்னைவிடப் பெரிய உத்தியோகத்தில் இருப்பான். செபக்கூட்டத்தில் அவனைத்தான் முன்னுக்கு இருத்துவார்கள். உமது கண்ணிலும் நான் சின்னவனாகிவிடுவேன். இதுதான் நினைத்தேன். வேறு காரணம் தேடிப் பார்த்தேன், இல்லை. அடுத்த கிழமை போடலாம் என்று லாச்சியில் வைத்தேன். பிறகு அக்கா மன்னாருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டா என்று கேள்விப்பட்டபோது, இனி ஆபத்தில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு அவனைக் கொண்டுபோனார்கள் என்று செய்தி வந்த அன்று நீர் குசினியில் கீழே இருந்து அழுதீர். நான் உமக்குப் பக்கத்தில் நின்றேன். உறை பத்தடி தூரத்தில் இருந்தது.

இதைப் பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் சொன்னதில்லை.

குணரத்தினம் அண்ணையிடம் போய் நீர் சொன்னது உண்மை என்று சொன்னேன். செபமாலையை வேறு வீட்டில் வைக்கச் சொல்லிவிட்டேன். என்னிடம் கேட்டவர்களுக்குப் பிரிந்துவிட்டோம் என்று சொல்கிறேன். 

என்னை மன்னியும் என்று கேட்கிறேன். கிறிஸ்மஸுக்கு மலரோடு நீரும் ஒருநேரம் வந்து சாப்பிட்டுப் போனால் போதும். அதற்கு மேல் ஒன்றும் எதிர்பார்க்கவில்லை.

யேசுராசா


மனுரேவா,
30.11.1986

யேசுராசாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து இரண்டரை மாதம் ஆகிறது. பதில் எழுதக்கூடாது என்று வைத்துக்கொண்டு இருக்கவில்லை. ஒரு செய்திக்காகக் காத்திருந்தேன். அது வந்தபடியால் எழுதுகிறேன்.

முதலில் வரி விஷயம். ஒக்டோபரில் எனக்கு எழுதியிருந்தார்கள். என் படிவத்தை அப்படியே ஏற்றுக்கொண்டார்களாம். அந்த விஷயம் முடிந்தது. நீங்கள் எழுதிய பிரதியை வைத்திருக்கிறேன்.

செப்ரெம்பர் பதினைந்தாம் திகதி நான் குடிவரவுக் கந்தோருக்குப் போய் அக்காவுக்கும் பெடியன்களுக்கும் என் பெயரில் ஸ்பொன்சர் பேப்பர் எடுத்தேன். கணவர் கையெழுத்து வேண்டுமா என்று கேட்டேன். பிரிந்திருந்தால் வேண்டாம் என்றார்கள். ஒவ்வொரு பக்கமும் வாசித்து நிரப்பினேன். எங்கள் மேற்பார்வைக்காரி தன் கணவரின் சொந்தக்காரரைப் பிடித்து ஒரு வீட்டுக்கும் வழி பார்த்துத் தந்தாள். அக்காவுக்கும் எழுதினேன். மன்னாருக்குத் தபால் ஒழுங்காகப் போவதில்லை, கொழும்புக்கு வந்த பங்குச் சாமியார் ஒருவரின் கையில் பதில் கொடுத்துவிட்டிருக்கிறா.

அக்கா வரமாட்டாவாம்.

மூத்தவன் போன வருஷமே வீட்டை விட்டுப் போய்விட்டான். எங்கே, எவரோடு என்று எழுதவில்லை, எழுதவும் முடியாது. சின்னவனும் இந்த ஓகஸ்டில் போய்விட்டான். எண்பத்து மூன்றில் ஒருவனுக்குப் பதினாலு வயது, மற்றவனுக்குப் பதினொன்று. மற்றது அத்தான். அக்காவின் எழுத்தையே எழுதுகிறேன்: "உன்ர கடிதம் கண்டு சந்தோசப்பட்டன். மூண்டு வருசத்துக்கு முந்தி வந்திருந்தா நாலு பேரும் ஓடி வந்திருப்பம். இப்ப நான் தனியாள். அவர் வந்தா இந்த வீட்டுக்குத்தான் வருவார். பெடியளும் இருட்டில எப்பவும் வந்து தட்டலாம். நான் அங்க வந்திட்டன் எண்டா அவைக்குக் கதவு திறக்கிறதுக்கு ஆர் இருக்கினம்? என்னை மன்னிச்சுக் கொள்ளு."

என்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறா. மூன்று வருஷம் நாங்கள் முயற்சி செய்தும் இந்த நாட்டுக்காரர் இழுத்தடித்தார்கள் என்றுதான் அவ நினைத்துக்கொண்டிருக்கிறா. நான் இன்னும் சொல்லவில்லை. இதை நான் சொல்லப் போவதில்லை.

நீங்கள் எழுதியதை நம்புகிறேன். நீங்கள் கிழித்தேன் என்றதையும் நம்புகிறேன். உண்மையை எழுதினீர்கள், அதற்குக் கஷ்டப்பட்டிருப்பீர்கள். அதனால் எனக்கு உங்கள்மேல் கோபம் குறையவில்லை. கூடத்தான் செய்தது. வீட்டில் இடமில்லை என்றே கடைசிவரை சொல்லியிருந்தால், பயந்த மனுஷன் என்று நினைத்து ஒருநாள் விட்டிருப்பேன்.

மலருக்குப் பெரியம்மாவின் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். உறை இருந்ததையும் சொன்னேன், ஏன் இருந்தது என்பதைச் சொல்லவில்லை. அது உங்களுடைய வேலை. அவள் சனிக்கிழமை வருவதாகச் சொல்கிறாள். உங்களிடம் நேரே கேட்க வேண்டுமாம். ஸ்ரேஷனுக்கு வாருங்கள். அவள் இங்கிலீஸில் கேட்பாள், நீங்கள் சரியாகப் பதில் சொல்லுங்கள்.

கிறிஸ்மஸுக்கு நான் வரமாட்டேன். இனி எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். மலருடைய விஷயம் ஏதும் இருந்தால் அவளிடம் சொல்லி அனுப்பினால் போதும்.

மன்னிப்பு நீங்கள் கேட்க வேண்டிய ஆள் நான் இல்லை. விலாசம் கீழே தருகிறேன். என்ன நடந்தது என்று நீங்களே எழுதுங்கள். எழுதினால் தபாலில் போடுங்கள்.

பேர்ணடெட்

திருமதி மாகிறேற் கிளறன்ஸ்,
கோயில் ஒழுங்கை,
பள்ளிமுனை,
மன்னார்.